கத்தி பாதி, உறை பாதி

கையால் அடித்த கத்தி ஒன்றை வாங்கி, "சோதனை" என்ற பெயரில் கான்கிரீட் சுவரில் குத்துவது, ஆணியை வெட்டுவது, டயரைக் கிழிப்பது என்று வீடியோ போடுகிற ஆசாமிகள் பெருத்துவிட்டார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் மக்களே, நம்மில் யார் கான்கிரீட்டைக் குத்தப் போகிறோம்? என் கட்சி இதுதான்: ஒரு கத்தியில் முதலில் சோதிக்க வேண்டியது அதன் உறை. கத்தி இரண்டாவதுதான். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், கடைசி வரை படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

எனக்கு இதில் வாய் திறக்க என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஃபரிதாபாத்தில் வாகன உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மெண்ட் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன், வருஷம் பதினாலு ஆச்சு. இரும்பைக் காய்ச்சுவது, குளிர்விப்பது, மறுபடி இளஞ்சூட்டில் வைத்து அதன் கோபத்தைக் குறைப்பது, இதுதான் பிழைப்பு. தங்கமணி பாஷையில் சொன்னால், "படிச்ச கொல்லர்".

புஷ்கிராஃப்ட் என்றால் வேறொன்றும் பெரிதில்லை. காட்டில் அதிகம் சுமக்காமல், கையில் இருப்பதைக் கொண்டு நெருப்பு மூட்டி, குச்சி சீவி, கூடாரம் கட்டி இருந்துவிட்டு வருகிற வித்தை. கனடாக்காரர் மோர்ஸ் கொச்சான்ஸ்கி இதற்கு வாத்தியார் மாதிரி. 2019-ல் காலமானார். விலை குறைந்த, எளிய ஸ்வீடன் மோரா கத்தியே போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இந்த வேலைக்கான கத்தி மடங்காது, பெரிதாகவும் இருக்காது. நான்கு, நாலரை அங்குல அலகு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனம், முதுகு நேராக, கூர் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி தட்டையாகச் சரிந்து வரும். ராம்போ கத்தி மாதிரி முதுகில் பல்லெல்லாம் இருக்காது. பல் இருந்தால் வாங்காதீர்கள்.

நம் நாட்டில் இந்த வித்தையை அப்படியே செய்துவிட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒதுக்குக் காட்டில் மரம் வெட்டுவதும் நெருப்பு மூட்டுவதும் 1927-ஆம் வருஷ வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் முன் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவது 1972-ஆம் வருஷ வன உயிரினச் சட்டப்படி குற்றம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்படாதது என்றால், ஆயுத விதிகளின் கணக்கில் வந்துவிடும். நாலரை அங்குலம் அந்தக் கணக்கில் வராது. அதற்காக இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கனாட் பிளேஸில் நடக்கலாம் என்று அர்த்தமில்லை. தெரிந்தவர் பண்ணை, அனுமதி உள்ள கேம்ப், வீட்டு மொட்டை மாடி. நம் புஷ்கிராஃப்ட் அவ்வளவுதான்.

சரி, கத்திக்கு வருவோம். ஃபரிதாபாத், குர்காவ், தில்லி சாலையோரங்களில் கூடாரம் போட்டு வாழும் காடியா லோஹார்களைப் பார்த்திருப்பீர்கள். அலங்கரித்த மாட்டு வண்டி ஒன்று நிற்கும், பக்கத்தில் தரையோடு தரையாக உலை. சித்தோட் கோட்டை 1568-ல் அக்பரிடம் விழுந்த பிறகு, அதை மீட்கும் வரை கூரைக்குக் கீழ் வாழ்வதில்லை என்று சபதம் எடுத்தவர்களின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். 1955-ல் நேருவே அவர்களை அழைத்துக்கொண்டு சித்தோட் கோட்டைக்குள் போனார், "போதும், இனி குடியமருங்கள்" என்கிற மாதிரி. எழுபது வருஷம் ஆயிற்று. எங்கள் பைபாஸ் ஓரத்தில் இன்னும் தார்ப்பாய்தான்.

அந்தக் குடும்பத்தில் ஆள் இடுக்கியால் பிடிப்பார், வீட்டம்மா சம்மட்டி போடுவார். முதல்முறை பார்த்தபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஐந்து கிலோவுக்குக் குறையாத சம்மட்டி, முக்காடு நழுவாமல், ஒரே தாளத்தில். சமையல் கத்தி, கோடாரி, தோசைக்கல், மண்வெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். நான் ஒரு காகிதத்தில் அச்சு வரைந்து கொடுத்தேன். இரும்பு எது என்று கேட்டதற்கு "கமானி" என்றார். அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டை. நம்மூர்க் கொல்லர்கள் அரிவாள் அடிப்பதும் பெரும்பாலும் இதே லாரிப் பட்டையில்தான். திருப்பாச்சேத்திக்கும் சித்தோடுக்கும் அசோக் லேலண்டும் டாடாவும் போட்ட பாலம்! நம் நாட்டில் ஸ்பிரிங் பட்டைக்கு ரொம்ப காலமாகப் புழங்கும் ஒரு வகை ஈஎன் 45. கரிமம் 0.5 முதல் 0.6 சதவீதம், சிலிக்கான் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். விலையுயர்ந்த கத்தி இரும்புகள் அளவுக்குக் கூர் நிற்காது. ஆனால் முறியாது. அடிபடுகிற கத்திக்கு அது முக்கியம்.

அவர் செய்த விதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உலைக்கு மேல் தார்ப்பாய் நிழல் எதற்கு என்று நினைத்தீர்கள்? வெயிலுக்கு மட்டும் இல்லை. வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது, நிழலில்தான் தெரியும். சரியான சிவப்பு வந்ததும் அலகை மட்டும் பழைய மொபில் ஆயிலில் முக்கினார். பிடிப் பக்கத்து வால் முங்கவில்லை. பிறகு செங்கல் துண்டால் ஒரு பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, கரி மேல் காட்டினார். இளமஞ்சள், வைக்கோல் நிறம், பழுப்பு என்று நிறம் ஓடிவரும். ஊதாவுக்கும் நீலத்துக்கும் போவதற்கு முன்னால், பழுப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். இதே காரியத்துக்கு எங்கள் ஆலையில் வெப்பமானி, கம்ப்யூட்டர், மூன்று ஷிப்டு, ஐஎஸ்ஓ சான்றிதழ்.

கடினம் அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன் (ஞாயிற்றுக்கிழமை, மேலாளர் அனுமதியோடுதான், வம்பு பண்ணாதீர்கள்). அலகில் மூன்று இடம்: ராக்வெல் சி அளவில் 56, 57, 55. வாலில் 41. இதற்கு மேல் ஒரு எஞ்சினியர் என்ன கேட்பான்? கூர் பக்கம் கடினம், பிடிப் பக்கம் சற்று மென்மை, நடுவில் முறிய வாய்ப்பு குறைவு.

மெஷின் இல்லாதவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. புது அரத்தைக் கூரின் ஓரத்தில் லேசாக ஓட்டுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினம் சரி, கறகறவென்று கடித்தால் இரும்பு மென்மை. இன்னொன்று, ஒரு பித்தளைக் கம்பியின் மேல் கூரைச் சாய்த்து அழுத்தி இழுப்பது. கூர் லேசாக வளைந்து திரும்பி வர வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் போதாது, பொடிந்தால் பதம் மிஞ்சிவிட்டது. கான்கிரீட் வேண்டாம், அரம் போதும்.

மரச் சோதனைக்கு அலைய வேண்டியதே இல்லை. ஆரவல்லி அடிவாரம் முழுக்க விலாயதி கீக்கர். நம்மூர்ச் சீமைக் கருவேலம்தான், ராமநாதபுரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தால் இங்கே எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. நண்பரின் பண்ணையில் வெட்டிப் போட்டிருந்த கட்டைகள், மூன்று அங்குல விட்டம், காய்ந்து இரும்பு மாதிரி. கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டித் தட்டிப் பிளந்தோம். பன்னிரண்டு கட்டை. இரண்டில் கணு குறுக்கே வந்தது. கூரில் பழுது இல்லை, பிடி ஆடவில்லை. பிறகு குச்சியை நுனி வரை சீவி, சுருள் சுருளாகப் பூ மாதிரி விடுவது. கூர் சரிந்து வரும் கோணம் ஒரே சீராக இருந்தால்தான் இது வரும். இங்கேதான் சின்னக் குறை தெரிந்தது. அரத்தால் கையில் ராவியது, வலது பக்கம் நடுவில் லேசான அலை. கல்லில் தீட்டினால் அந்த இடம் மட்டும் பளபளக்காமல் நிற்கிறது. நான்கு முறை தீட்டியதில் பாதி சரியாகிவிட்டது. மீதியும் ஆகிவிடும். தேங்காய் நார்க் கயிறு நாற்பது துண்டு வெட்டிய பிறகும் செய்தித்தாளைக் கிழிக்காமல் அறுத்தது.

சமையலறையில் தங்கமணியின் தீர்ப்பு: "மாங்காய் கறுத்துப் போகுது." கறுக்கத்தான் செய்யும். துருப்பிடிக்காத எஃகு இல்லை இது. பாட்டி வீட்டு அருவாமனையில் நறுக்கிய வாழைப்பூவை நினைத்துப் பாருங்கள், அதே சமாச்சாரம். நாலைந்து மாங்காய் நறுக்கினால் அலகின் மேல் சாம்பல் படலம் படிந்து, அதுவே ஓரளவு துருவைத் தள்ளி வைக்கிறது.

இவ்வளவு நேரம் கத்தி. இனிதான் மேட்டர்.

எங்கள் குடியிருப்பில் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பையனுக்குப் பதின்மூன்று வயசு. பிறந்தநாளுக்கு இணையத்தில் வாங்கிய ஒரு "சர்வைவல்" கத்தி. கேம்ப் போன இடத்தில் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறான், கால் தடுக்கி விழுந்திருக்கிறான். உறையின் அடிப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு முனை வெளியே வந்து தொடையில் இறங்கிவிட்டது. நாலு தையல். இன்னும் இரண்டு அங்குலம் உள்பக்கம் தள்ளியிருந்தால் பெரிய ரத்தக் குழாய் என்றாராம் டாக்டர். அன்றிலிருந்து அந்த வீட்டில் கத்தி என்ற பேச்சே கிடையாது. ஆப்பிளைக்கூட அம்மா வெட்டித்தான் கொடுக்கிறார். எல்லாரும் கத்தியைத் திட்டினார்கள், பையனைத் திட்டினார்கள், வாங்கிக் கொடுத்த மாமாவைத் திட்டினார்கள். நான் அந்த உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அழுத்திய அட்டைக்கு மேல் ஒட்டிய மெல்லிய தோல். உள்ளே இடைப்பட்டை இல்லை. மெஷின் தையல். கத்தி நன்றாகத்தான் இருந்தது!

இடைப்பட்டை என்று நான் சொல்வது இது: உறையின் இரண்டு தோல்களுக்கு நடுவே, கூர் வந்து முட்டுகிற ஓரம் முழுக்க, இன்னொரு தோல் கீற்றை வைத்துத் தைப்பது. அது இல்லையென்றால் ஒவ்வொரு முறை சொருகும்போதும் கூர் நேராக நூலை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் உறையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உருவுவீர்கள், அறுந்த தையல் வழியாகக் கூர் உங்கள் உள்ளங்கையைப் பார்க்கும். அதனால்தான் சொல்கிறேன், கத்தி மோசமென்றால் வேலைதான் கெடும், உறை மோசமென்றால் கை போகும்.

நம் கத்திக்கு வேண்டுமென்றே இரண்டு உறை செய்யச் சொன்னேன், மார்க்கெட் ஓரம் உட்கார்ந்திருக்கும் மோச்சி சாச்சாவிடம். ஒன்று, சோபாவுக்குப் போடும் குரோம் தோலில், மெஷின் தையல். இன்னொன்று, கான்பூரிலிருந்து வந்த, மரப்பட்டையில் பதனிட்ட எருமைத் தோல், மூன்றரை மில்லிமீட்டர் கனம், கைத்தையல், இடைப்பட்டையோடு. தோலை எப்படி அடையாளம் காண்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோல் என்றால் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும், சாயம் உள்வரை ஏறாமல் இருந்தால். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டு உலகத்துக்கே அனுப்பின ஊர்க்காரர்கள் நாம். மெட்ராஸ் தோலுக்கு லண்டன் சந்தையில் ஒரு காலத்தில் தனி மரியாதை. இப்போது நானே ஒரு மோச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பட்டைத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கத்தியைப் பாலிதீனில் சுற்றி உள்ளே வைத்து, வெளியே எலும்புத் துண்டால் அழுத்தி அழுத்தி வடிவம் வர வைத்தார். நிழலில் இரண்டு நாள். காய்ந்தபின் தோல் கத்தியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. தையல் இரண்டு ஊசி, ஒரே நூல், இரு பக்கமிருந்தும் ஒரே துளையில். சேணத் தையல் என்பது இதுதான். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற தையல் அப்படியே நிற்கும். மெஷின் தையல் என்றால் ஒரு முனை அறுந்தால் சரசரவென்று பிரிந்து வரும்.

சோதனை எளிது. உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறினேன். குரோம் உறையிலிருந்து மூன்றாவது உதறலில் கத்தி கீழே. பட்டைத் தோல் உறையில் இருபது உதறலுக்கும் அசையவில்லை, ஆனால் கட்டைவிரலால் தள்ளினால் 'டுப்' என்று விடுகிறது. இருநூறு முறை சொருகி உருவினேன். (டிவி பார்த்துக்கொண்டே. வீட்டில் முறைத்தார்கள்.) குரோம் உறையில் வாய்ப்பக்கம் நாலு தையல் காலி. அடுத்து மழைக்காலம். ஜூலையில் ஒவ்வொரு உறையிலும் ஒரு வாரம் கத்தியை விட்டுவைத்தேன். குரோம் உறையில் கூர் நெடுகச் செம்புள்ளிகள். பதனிடும்போது சேரும் உப்புகள் தோலில் தங்கி, ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்கின்றன. பட்டைத் தோல் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை, அதில் உள்ள துவர்ப்பு அலகைக் கறுக்க வைத்தது, இரண்டு இடத்தில் லேசாகத் துருவும் இருந்தது. ஆகவே உறை என்பது தூக்கிக்கொண்டு போக மட்டும். வீட்டில் கத்தி வெளியே இருக்கட்டும், எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில். டிசம்பரில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், இங்கே அது மெழுகாக உறைந்து நிற்கும். கடுகெண்ணெய் ஓகே.

இப்போது காசு. லோஹார் கத்திக்குக் கேட்டது 1200. சாச்சா பட்டைத் தோல் உறைக்குக் கேட்டது 350. தோலுக்கும் நூலுக்கும் மட்டுமே 200 போல ஆகியிருக்கும். தைக்க ஆறு மணி நேரம், வடிவம் எடுக்க ஒரு மணி நேரம். கணக்குப் போட்டுக் காட்டி 900 கொடுத்தேன். "பாபுஜி, உறைக்கு யார் இவ்வளவு தருவாங்க?" என்று பாதியைத் திருப்பித் தர வந்தார். இதே கத்தியை ஒரு வெப்சைட்டில் படம் பிடித்துப் போட்டால் பத்தாயிரம். அங்கே பேரம் பேசாமல் கார்டைத் தேய்க்கிற நாம், சாலையோரத்தில் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் வாதாடுகிறோம். கொல்லருக்காவது "கலைஞர்" என்ற பட்டம் இப்போது கிடைக்க ஆரம்பித்திருக்கிறது. தோல் தைக்கிறவருக்கு அதுவும் இல்லை. ஷோரூமில் தோல் பையைத் தடவிப் பார்த்து மெச்சுகிற நம் வீட்டு ஆட்கள், மோச்சியிடம் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தும் அந்தப் பழக்கம் கூடவே ரயிலேறி வந்திருக்கிறது.

2023 செப்டம்பரில் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லரும் உண்டு, செருப்புத் தைப்பவரும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை, 5 சதவீத வட்டியில் கடன். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாச்சா கேட்டது வேறு: "மெஷின் கிடைக்கும், சரி. ஆர்டர் யார் கொடுப்பாங்க?" அவர் மகன் பைக்கில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறான். இந்தத் தையல் அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவனுக்குக் காரணமும் இல்லை.

"இவ்வளவு பேசுறியே, மோரா கத்தி வாங்கினா சில ஆயிரத்துல வேலை முடிஞ்சுதே, பிளாஸ்டிக் உறை துருவும் பிடிக்காது" என்று கேட்பவர்களுக்கு: வாஸ்தவம். அந்தப் பிளாஸ்டிக் உறை அருமையானது, அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகூட உண்டு. முதல் கத்தி யாருக்காவது வாங்கித் தருவதானால் அதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அழகுக்காகத் தோல் உறையும் மட்டமான தையலும் சேர்ந்த ஒன்றை வாங்குவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அந்த உறை விரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். என் உறையில் தையல் போனால் சாச்சா மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். பிடி பிளந்தால் லோஹார் இன்னொரு சீசம் கட்டையைச் செதுக்கிப் பித்தளை ஆணி அடித்துத் தருவார். இவர்கள் அங்கே இருக்கும் வரைதான் கையால் செய்த கத்திக்கு அர்த்தம். இல்லையென்றால் அது வெறும் ஷோகேஸ் சாமான்.

என் மகளுக்குப் பதினொன்று. கத்தியைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் உறையை மட்டும் கொடுத்தேன், உள்ளே மரக்கட்டையில் செதுக்கிய போலிக் கத்தி. எந்தப் பக்கம் கூர், விரல் எங்கே இருக்கக் கூடாது, உருவும்போது யார் எத்தனை தூரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே பழகிவிட்டாள். இப்போது உட்கார்ந்தபடி, முழங்காலுக்கு வெளிப்பக்கமாக, தன் உடம்பிலிருந்து தள்ளிக் குச்சி சீவுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் அப்பாவிடம் பேசியிருக்கிறேன். அந்த நல்ல கத்திக்குப் புது உறை தைக்க அளவு எடுக்கலாமா என்று கேட்டதற்கு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் கொடுத்தால்தான் முடியும் என்கிறார் சாச்சா. அதற்கப்புறம் குளிர்கால ஷூ ரிப்பேர் வந்துவிடுமாம்.